முன்சக்கரங்கள் பிரிந்த கதை

பாரவண்டிக்கும் வில்வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இரண்டிலும் போய் வந்த பெரியவர்கள் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்கள். பாரவண்டியில் தட்டு அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடி குறையாமல் முதுகுக்கு வரும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் இருக்கும். அடியில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். உலகம் முழுவதும் குதிரை வண்டிகளில் இருந்தது இதே வில்தான். குதிரை போய் எஞ்சின் வந்தபோது வில் போகவில்லை. காருக்கும் அதையே வைத்தார்கள். 1930-ல் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் வாங்கினாலும் அதன் அடியில் நான்கு பக்கமும் பட்டை வில்லே இருந்தது. முன்சக்கரங்கள் இரண்டையும் காவடித் தண்டு போல ஒரே இரும்பு அச்சு இணைத்திருந்தது.

அந்த அச்சு எப்படிப் போனது என்பதுதான் இந்தக் கதை. அதை எடுக்க வேண்டும் என்று நினைத்து யாரும் வேலையைத் தொடங்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தவரின் முதுகு நோகாமல் இருக்க வழி தேடிப் புறப்பட்டவர்கள், தேடிக்கொண்டே முன்சக்கரம் வரை வந்து சேர்ந்தார்கள்.

புறப்பட்டவர்களில் முக்கியமானவர் மாரிஸ் ஓலி. ஹென்றி ராய்ஸிடம் வேலை கற்ற பொறியாளர். ரோல்ஸ் ராய்ஸ் 1920-களில் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு தொழிற்சாலை நடத்தியது. ஓலி அங்கே இருந்தார். அவரை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் எல்லோரும் மெச்சிய அதே கார், வெளிநாட்டுச் சாலைகளில், அதுவும் நல்ல சாலைகளிலேயே, பயணிகளுக்குப் பிடிக்கவில்லை. காரில் மாற்றம் எதுவும் இல்லை. மாறியது சாலையின் அலை, ஓட்டும் வேகம். ஒரு காரின் சுகம் அந்தக் காருக்குள் மட்டும் இல்லை, அது ஓடும் தரையிலும் பாதி இருக்கிறது என்பது அப்போது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆனால் சுகத்தை எப்படி அளப்பது? வேகத்துக்கு மீட்டர் இருக்கிறது, எரிபொருளுக்கு அளவு இருக்கிறது. 'இந்த வண்டி சுகமாகப் போகிறது' என்பதற்கு அன்று ஒரு கருவியும் இல்லை. ரோல்ஸ் ராய்ஸில் செய்து பார்த்த வழி ஒன்றை ஓலி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். திறந்த பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பிக் காருக்குள் வைப்பார்கள். வெவ்வேறு வேகத்தில் குறிப்பிட்ட தூரம் ஓட்டுவார்கள். எவ்வளவு தண்ணீர் சிந்தியது என்று பார்ப்பார்கள். குடம் தளும்பாமல் நடப்பவர்களின் நடையை மெச்சுகிற ஊர்க்காரர்களான நமக்கு இந்தச் சோதனையை விளக்கவே வேண்டியதில்லை.

வேறு வேலைகளும் நடந்தன. முழுக் காரையும் மேலிருந்து தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டினார்கள். ஆடுகிற நேரத்தைக் கொண்டு, அந்த எடை நீளவாக்கில் எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். அடிச்சட்டத்தை எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு வளைகிறது, வில் வண்டியில் பொருத்திய பிறகு எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்றெல்லாம் அளந்தார்கள். சக்கரங்களுக்குக் கீழே மேடு பதித்த உருளைகளைச் சுழலவிட்டு, நின்ற இடத்திலேயே காரைக் குண்டும் குழியுமான சாலையில் ஓடவைத்தார்கள். ராய்ஸ் அப்போது நோயாளி. இங்கிலாந்தின் தென்கரையில் வெஸ்ட் விட்டரிங் என்ற கிராமத்திலிருந்து வரைபடங்களையும் குறிப்புகளையும் அனுப்பிக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் இங்கிலாந்துத் தொழிற்சாலை டெர்பியில் இருந்தது. கருத்தை அளவாக மாற்றும் பொறுமையை ஓலி அந்தப் பள்ளியில்தான் கற்றார்.

பொருளாதார வீழ்ச்சி வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலை மூடும் நிலைக்குப் போயிற்று. 1930 நவம்பரில் ஓலி டெட்ராய்ட் போய் காடிலாக் கம்பெனியில் சேர்ந்தார். அழைத்தவர் அதன் தலைவர் லாரன்ஸ் ஃபிஷர். தலைமைப் பொறியாளர் எர்னஸ்ட் சீஹோம். காடிலாக், ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. மிஷிகனில் மில்ஃபோர்டு என்ற இடத்தில் 1924-லிருந்தே அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாகச் சோதனைச் சாலைகள் இருந்தன. டெர்பியில் இருந்ததைப் போன்ற உருளை மேடையை இங்கேயும் கட்டினார்கள். கார்களை இங்கேயும் தொங்கவிட்டு ஆட்டினார்கள்.

1932 தொடக்கத்தில் அவர்கள் ஒரு விசித்திரமான காரைச் செய்தார்கள். ஏழு பேர் உட்காரும் பெரிய லிமோசின். அதில் எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன் வில் எவ்வளவு அமுங்க வேண்டும், பின் வில் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை விருப்பம்போல மாற்றலாம். 'கே ஸ்கொயர்' வண்டி என்று பெயர். எடை நடுவிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் கணித எழுத்து அது. காவடி தூக்கியவருக்கு அந்தக் கணிதம் தோளிலேயே தெரியும். இரு முனையிலும் குடம் தொங்கும் காவடியைச் சட்டென்று திருப்ப முடியாது; அதே எடையை நடுவில் கட்டியிருந்தால் சுலபமாகத் திரும்பும். காருக்கும் இதுவே. எடை முனைகளில் இருந்தால் முன்பின்னாகத் தூக்கிப் போடுவது நிதானமாகும். நடுவில் குவிந்திருந்தால் படபடவென்று ஆடும்.

அந்த வண்டியில் எந்த அளவுகருவியும் வைக்கவில்லை. மனிதர்களை உட்காரவைத்தார்கள். எடையை மாற்றினார்கள், ஓட்டினார்கள், எப்படி இருந்தது என்று கேட்டார்கள். மறுபடி மாற்றினார்கள். இந்த இடம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்தது. இவ்வளவு கணக்குப் போடத் தெரிந்தவர்கள், கடைசித் தீர்ப்பை உட்கார்ந்திருப்பவரின் உடம்பிடம் விட்டார்கள். எண்கள் இல்லாத இடத்தில் எண்கள் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உடம்புகள் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. முன் வில் பின் வில்லைவிட மெத்தென்று இருந்தால், அதுவரை யாரும் அனுபவித்திராத ஒரு சமதளப் பயணம் கிடைக்கிறது.

அன்றைய வழக்கத்துக்கு இது நேர் எதிர். எல்லாக் காரிலும் முன் வில்தான் விறைப்பு. ஏன் முன்பக்கம் இளக வேண்டும்? சாலையில் ஒரு மேடு வருகிறது. முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, மூக்கு மேலே எழுகிறது. மூன்றரை மீட்டர் நீள இடைவெளி உள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்துப் பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும். முன்பக்கம் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது. பின்பக்கம் தாமதமாகச் சேர்கிறது. முன்பக்கம் விறைப்பாக, வேகமாக ஆடினால் இந்த இரண்டு ஆட்டமும் சேரவே சேராது. ஒரு முனை எழும்போது மறுமுனை தாழும் ஏற்றமரம் போல வண்டி ஆடிக்கொண்டே போகும். பின்சீட்டில் இருப்பவர் அதன் நுனியில் இருக்கிறார். நம் பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரருக்குக் கிடைக்கும் தூக்கியடியும் இந்த உறவுதான். மாறாக முன்பக்கம் நிதானமாகவும் பின்பக்கம் சற்று வேகமாகவும் ஆடினால், தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும். ஏற்றமரம் ஊஞ்சல் பலகையாகிவிடும்.

ஓலி பின்னர் வகுத்த விதிகள் இன்றும் பொறியியல் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன: முன்பக்க விறைப்பு பின்பக்கத்தைவிட சுமார் 30 சதவீதம் குறைவாக இருக்கட்டும், வண்டியின் ஆட்டம் நொடிக்கு 1.3 தடவையைத் தாண்ட வேண்டாம்.

பதில் கிடைத்தது. ஆனால் பழைய வண்டியில் முன் வில்லை இளக்கிப் பார்த்தபோது ஸ்டீயரிங் கெட்டது.

அன்றைய ஓட்டுநர்களுக்கு 'ஷிம்மி' என்றால் நடுக்கம். குறிப்பிட்ட வேகம் வந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். ஸ்டீயரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொள்ளும். காரணம் பம்பரத்தில் இருக்கிறது. சுற்றுகிற பம்பரத்தை ஒரு பக்கம் சாய்த்தால் அது அந்தப் பக்கம் விழாமல் பக்கவாட்டில் திரும்பிப் போகிறது அல்லவா? ஓடும் சக்கரமும் ஒரு பம்பரமே. இடது சக்கரம் கல்லில் ஏறினால் ஒரே அச்சில் கட்டியிருப்பதால் வலது சக்கரமும் சேர்ந்து சாய்கிறது. சாய்ந்த பம்பரங்கள் இரண்டும் பக்கவாட்டில் திரும்புகின்றன, அதாவது கார் தானே ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது. அந்தத் திருப்பம் மறுபடி அச்சைச் சாய்க்கிறது. சாய்வு திருப்பத்தையும் திருப்பம் சாய்வையும் வளர்த்துக்கொண்டே போக, வண்டி நடுங்குகிறது. 1920-களில் அகலமான, காற்றழுத்தம் குறைந்த பலூன் டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் வந்த பிறகு இந்த நோய் எங்கும் பரவியிருந்தது. பேக்கார்டு கம்பெனி முன் பம்பரின் இரு முனையிலும் எண்ணெய் நிரப்பிய குழாய்க்குள் ஸ்பிரிங் மேல் எடை வைத்து, நடுக்கத்தை எதிர்நடுக்கத்தால் அடக்கப் பார்த்தது. திறமையான வேலை. ஆனால் அது நடுக்கத்தைக் குறைத்ததே தவிர, நடுங்கவைத்த காரணத்தைத் தொடவில்லை.

விறைப்பான வில் இந்த நோயை ஓரளவு அடக்கி வைத்திருந்தது. அதை இளக்கினால் அடக்க ஆள் இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. பட்டை வில்லுக்கு வேலை ஒன்றல்ல. அது எடையைத் தாங்குகிறது. அச்சு முன்பின் நகராமல் பிடித்துக்கொள்கிறது. பிரேக் பிடிக்கும்போது அச்சு தானும் சேர்ந்து சுழலப் பார்ப்பதைத் தடுக்கிறது. மூன்று வேலையைச் செய்பவரிடம், முதல் வேலையை மட்டும் மென்மையாகச் செய் என்று எப்படிச் சொல்வது? மெல்லிய வில் பிரேக் பிடித்ததும் பாம்பு போல நெளியும். நெளிந்தால், சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாணியாக இருக்கும் கிங்பின்னின் சாய்வு மாறும். சாய்வு மாறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஆகவே வேலைகளைப் பிரிக்க வேண்டியிருந்தது. தாங்குவதற்கு ஒன்று, பிடித்துக்கொள்வதற்கு வேறொன்று. ஒரு சக்கரம் எழுந்தால் மறுசக்கரத்துக்குச் செய்தி போகக் கூடாது. அதற்கு அச்சே இருக்கக் கூடாது. இது புதிய யோசனை இல்லை. இத்தாலியின் லான்சியா லாம்டா 1922-லேயே தனித்தனி முன்சக்கரங்களோடு வந்துவிட்டது. நடுக்கத்துக்குக் காரணம் ஒற்றை அச்சே என்று பிரான்சில் ஜார்ஜ் புருலியே 1925-ல் எழுதியிருந்தார். மெர்சிடிஸ் பென்ஸ் 380 கார், சக்கரத்தைப் பிடிக்கும் 'ஆர்ம்' என்ற கைகளும் சுருள் ஸ்பிரிங்கும் கொண்ட முன்பக்கத்தோடு 1933 தொடக்கத்தில் பெர்லினில் காட்டப்பட்டது. டெட்ராய்டில் நடந்ததை முதல் கண்டுபிடிப்பு என்று சொல்வது ஐரோப்பியர்களுக்குச் செய்யும் அநியாயம். அங்கே நடந்தது வேறு: ஏன் வேண்டும் என்பதைப் பயணியின் முதுகிலிருந்து தொடங்கி நிரூபித்தார்கள், லட்சக்கணக்கில் செய்யக்கூடியதாகவும் ஆக்கினார்கள்.

இரண்டு சோதனைக் காடிலாக்குகள் உருவாயின. ஒன்றில் பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே துபொன்னேயின் முறை. துபொன்னே மதுபானக் குடும்பத்து வாரிசு. முதல் உலகப்போரில் விமானி, பிறகு பந்தய ஓட்டுநர். அவருடைய அமைப்பில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எண்ணெய் நிரப்பிய ஒரு கூட்டுக்குள் இருக்கும். சக்கரம் திரும்பும்போது அந்தக் கூடும் கூடவே திரும்பும். மற்ற காரில் ஓலி குழுவின் அமைப்பு: மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், நடுவில் சுருள் ஸ்பிரிங். இன்று எந்த மெக்கானிக்கும் 'அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம்' என்று சொல்கிறாரே, அதுதான்.

இந்த இரண்டு ஆர்ம்களின் நீளத்தில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இரண்டும் ஒரே நீளமானால் சக்கரம் துளியும் சாயாமல் நேராக மேலேறும். பம்பரத் தொல்லை முழுதாகத் தீரும். ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் டயரின் அடி பக்கவாட்டில் நகர்ந்து தரையை உரசித் தேயும். மேல் ஆர்மைக் குட்டையாக்கினால் டயர் நின்ற தடத்திலேயே நிற்கும். பதிலுக்குச் சக்கரத்தின் தலை கொஞ்சம் உள்ளே சாயும், பம்பரக் குணம் கொஞ்சம் திரும்பி வரும். அவர்கள் குட்டை மேல் ஆர்மைத் தேர்ந்தார்கள். ஒற்றை அச்சு தந்த பெரும் சாய்வோடு ஒப்பிட்டால் இது தாங்கக்கூடிய சாய்வு.

ஸ்டீயரிங்கையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. பழைய வண்டியில் இரு சக்கரங்களையும் ஒரே நீளக் கம்பி இணைத்துத் திருப்பியது. அச்சோடு சேர்ந்து அந்தக் கம்பியும் ஏறி இறங்கியதால் தகராறு இல்லை. இப்போது ஒரு சக்கரம் மட்டும் எழும்போது அந்த ஒற்றைக் கம்பி அதை இழுத்துத் திருப்பிவிடும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கார் தானே திசை மாறும். கம்பியைப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் ஆர்ம்கள் போடும் அதே வளைவைப் போடும்படி மூட்டுகளின் இடத்தைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். சில மில்லிமீட்டர் தவறினாலும் ஓட்டுபவர் கையில் தெரியும்.

அடுத்தது உராய்வு. பட்டை வில்லில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தைத் தானே தணித்துவிடும். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்தக் குணம் இல்லை. ஒருமுறை அமுக்கினால் குதித்துக்கொண்டே இருக்கும். அதனால் எண்ணெய் ஷாக் அப்சார்பர் அலங்காரமாக இருந்த நிலை போய் அவசியமாயிற்று. மேல் ஆர்ம் பொருந்தும் தண்டையே ஷாக் அப்சார்பரின் தண்டாக ஆக்கினார்கள். ஒரே உறுப்பு சக்கரத்தைப் பிடிக்கவும் செய்தது, ஆட்டத்தைத் தணிக்கவும் செய்தது.

1933 மார்ச். அமெரிக்காவில் வங்கிகள் மூடிக் கிடந்த நேரம். மிஷிகன் மாநிலம் பிப்ரவரி 14 அன்றே தன் வங்கிகளை மூடிவிட்டது. மார்ச் 6 அன்று நாடு முழுவதும் மூடின. கையில் பணம் புரளாத அந்த நாட்களில் ஜெனரல் மோட்டார்ஸின் தொழில்நுட்பக் குழுவினரைச் சோதனை வண்டிகளில் ஏற்றிக் காட்டினார்கள். பியூக் கார் ஒன்றில் தானியங்கி கியர் பரீட்சையும் கூடவே நடந்தது. பிறகு நடந்த கூட்டத்தை ஓலி விரிவாக எழுதிய கடிதம், ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் பின்னாளில் எழுதிய நூலில் இருக்கிறது. ஆய்வுப் பிரிவுத் தலைவர் சார்லஸ் கெட்டரிங், இதைச் செய்யாமல் இருப்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகாது என்றாராம். விற்பனைத் தலைவர் ரிச்சர்ட் கிராண்ட், நூறு டாலர் கூடுதலாகும் கியர் இல்லாமல் சமாளித்துவிடலாம், ஆனால் பதினைந்து டாலரில் இப்படி ஒரு பயணம் கிடைக்குமென்றால் எப்படியாவது அந்தப் பணத்தைத் தேடிவிடுவேன் என்றாராம். வங்கிகள் மூடிக் கிடந்த நாட்களில் விற்பனைக்காரர் ஒருவர் சொன்னது என்பதை நினைத்துப் பார்க்கையில் அந்தப் பதினைந்து டாலரின் கனம் தெரிகிறது.

செவர்லே பிரிவை நடத்திய வில்லியம் நுட்சன், தன் கார் இதில் விடுபடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். மலிவான காரை ஏராளமாகச் செய்யும் பிரிவு என்பதால் மற்றவர்களுக்கு வேறு கவலை. அத்தனை சுருள் ஸ்பிரிங்குக்கும் வேண்டிய கம்பியை வழவழவென்று தீட்டித் தர அமெரிக்கா முழுவதிலும் போதிய கிரைண்டிங் இயந்திரங்கள் இல்லை என்று அவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு காரின் தலைவிதி கம்பி தீட்டும் இயந்திரங்களின் எண்ணிக்கையில் தொங்கும் என்பதைப் பொறியியல் புத்தகங்கள் எழுதுவதில்லை. பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும். கடைசியில் செவர்லேயும் போன்டியாக்கும் துபொன்னே முறையை எடுத்துக்கொண்டன. காடிலாக், லசால், பியூக், ஓல்ட்ஸ்மொபில் நான்கும் ஆர்ம் முறைக்குப் போயின. எல்லாம் 1934 மாடல்களாகக் கடைக்கு வந்தன. விளம்பரத்தில் 'நீ ஆக்ஷன்' என்று பெயர். சக்கரம் மனித முழங்கால் போல மடங்கி நிமிர்கிறதாம்.

துபொன்னே கூடுகளில் எண்ணெய் கசிந்தது. எண்ணெய் போனால் தணிப்பும் போனது. கவனித்துப் பராமரிக்க எல்லோராலும் முடியவில்லை. 1939-ல் செவர்லேயும் ஆர்ம் முறைக்கு மாறியது. ஃபோர்டு மட்டும் பழைய அச்சோடும் வில்லோடும் 1948 வரை பிடிவாதமாக இருந்தது.

வண்டி சமமாகப் போகத் தொடங்கியதும் ஓலிக்கு அடுத்த கேள்வி வந்தது. சக்கரம் காட்டும் திசையில் கார் ஏன் சரியாகப் போவதில்லை? அக்ரனில் இருந்த குட்இயர் கம்பெனியில் 'கேப்' எவான்ஸ் என்ற பொறியாளர் டயரை உருளையின் மேல் ஓடவைத்து அளந்தார். திரும்பும்போது டயர் தான் பார்க்கும் திசையிலிருந்து சில பாகை விலகியே உருளுகிறது. முன்டயர் அதிகம் விலகினால் கார் வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும்; பின்டயர் அதிகம் விலகினால் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். இன்று கார் பத்திரிகைகளில் புழங்கும் 'அண்டர்ஸ்டீயர்', 'ஓவர்ஸ்டீயர்' என்ற சொற்களை ஓலியின் பெயரோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். 1950-களில் அவர் செவர்லேயில் இருந்தார். முதல் கார்வெட்டின் அடிச்சட்டம் அவர் கையில் உருவானது.

நம் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய பிரீமியர் பத்மினியின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் இரண்டு பாதியும் தெரிந்திருக்கும். முன்னால் இரண்டு ஆர்ம், நடுவே சுருள் ஸ்பிரிங். பின்னால் ஒரே அச்சு. அதைத் தாங்கி, அடுக்கிய பட்டைகளாலான அதே வில்.